நிலத்தில் தாழி கிடைத்தால்: ‘பத்தாயிரம் வருஷம்’ என்று சொல்வதற்கு முன் செய்யவேண்டியவை

போன வருஷம் ஆடி மாசம், ஒடுகத்தூர் பக்கம் என் மாமா பண்ணைக்குட்டை வெட்ட ஜேசிபி வரவழைத்தார். நாலடி ஆழம் போனதும் வாளிப் பல்லில் ஒரு பானை விளிம்பு மாட்டியது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. வண்டி ஓட்டிய பையன் இறங்கிப் பார்த்துவிட்டு, “இன்னாபா இது, குண்டான் மாரி கீது” என்றான். பொழுது சாய்வதற்குள் பாதி ஊர் வந்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கே என் மாமா நிலத்தின் வீடியோ வாட்ஸாப்பில் வந்தது: “வேலூரில் பத்தாயிரம் ஆண்டு நாகரிகம்!”

நான் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். தொல்லியல் படித்தவன் இல்லை. அந்த விளிம்புத் துண்டுக்கு வயது என்ன என்று தெரிந்துகொள்ள பதினொரு மாதம் அலைந்தேன், ஏறக்குறைய பதினாலாயிரம் ரூபாய் போனது. அதில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு தண்டம். உங்கள் நிலத்திலோ, ஏரி தூர்வாரும்போதோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ இப்படி ஏதாவது வந்தால், நான் செய்த முட்டாள்தனங்களை நீங்கள் செய்யவேண்டாம்.

1. வண்டியை நிறுத்துங்கள், எதையும் கழுவாதீர்கள்

முதல் அரைமணி நேரத்தில்தான் எல்லாமே கெடும். எங்களுக்கும் அப்படித்தான் கெட்டது. அத்தை ஆசையாகப் பானை ஓட்டை எடுத்துப்போய் சபீனா போட்டுத் தேய்த்தார். உள்ளே ஒட்டியிருந்த கரியும் மண்ணும் சாக்கடையில் போயின. வயது பார்க்க உதவுவது அந்தக் கரியில் இருக்கும் கார்பன்தான், பிறகு எல்லோரும் என்னிடம் கேட்டதும் அதைத்தான்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். தோண்டுவதை நிறுத்துங்கள். கிடைத்தது மண்ணில் எப்படி இருக்கிறதோ அப்படியே போட்டோ எடுங்கள். பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வையுங்கள். ஸ்கேல் இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயம் (விட்டம் 27 மில்லிமீட்டர், எல்லோருக்கும் ஒரே அளவு). குழியின் பக்கச் சுவரையும் எடுங்கள். எத்தனை அடி ஆழம், மண் எந்த நிறத்தில் மாறுகிறது என்பது அதில் தெரியும். போனில் இருப்பிடத்தை ‘ஆன்’ செய்துவிட்டு எடுத்தால் இடமும் பதிவாகும். பிறகு தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கல் வையுங்கள்.

வெளியே வந்துவிட்ட துண்டுகளை மண்ணோடு பையில் போட்டு, எந்த ஆழம், என்ன தேதி என்று சீட்டு எழுதி வையுங்கள். கரித்துண்டு தெரிந்தால் விரலால் தொடாதீர்கள். சுத்தமான கரண்டியால் எடுத்து, சமையலறை அலுமினியத் தாளில் மடியுங்கள். நான் தினத்தாளில் மடித்தேன். தாளும் மரத்திலிருந்து வந்ததுதானே, அதுவும் கார்பன்தான். பஞ்சு, துணியும் அதே கணக்குதான். பக்கத்தில் நின்று பீடி குடிப்பவரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

தாழிக்குள் எலும்பு இருந்தால் பதற வேண்டாம். இது ஈமத்தாழி, இறந்தவர்களுக்காக வைத்தது. ஆனால் கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். காவல் நிலையத்துக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பின்னால் தொந்தரவு இருக்காது.

2. உங்கள் ஊர் இப்போது எந்த மாவட்டம்?

சிரிக்காதீர்கள். நான் முதலில் தப்பான ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் போனேன். நம்ம வட ஆர்க்காடு 1989-ல் இரண்டானது: ஒரு பாதி திருவண்ணாமலை. மீதி வேலூர் என்று நின்றது, அதுவும் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. பழைய புத்தகத்தில் “வ.ஆ. மாவட்டம்” என்று ஒரு ஊர் இருந்தால் அது இன்றைக்கு நாலில் எதிலும் இருக்கலாம். இன்னும் பழசாக இருந்தால் எல்லையே தாண்டும். 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை அந்தப் பக்கத்து ஊர்களில் பலவும் வட ஆர்க்காடுதான்.

எடுத்துக்கொள்ளவேண்டிய காகிதங்கள்:

- பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்பட வரைபடம். மூன்றையும் அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் நீங்களே எடுக்கலாம், காசில்லை. சர்வே எண்ணோடு உட்பிரிவு எண்ணும் வேண்டும்.
- புலப்படத்தில் கண்ட இடத்தைப் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு வரப்புக்கல்லிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியது.
- போட்டோ பிரிண்ட் நாலைந்து, இரண்டு செட்.
- நிலம் உங்கள் பெயரில் இல்லையென்றால், நிலக்காரரின் கையெழுத்துள்ள சம்மதக் கடிதம். மாமா நிலம் என்று வாயால் சொன்னால் எடுபடாது.

பட்டாவில் பெயர் தாத்தா பெயராகவே இருந்தால் (நம்ம பக்கம் பாதிப் பட்டா அப்படித்தான்) அதற்காகக் காத்திருக்காதீர்கள். வாரிசு என்று மனுவில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

3. மனுவும் ஒப்புகைச் சீட்டும்

1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பூமிக்குள் மறைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்குமேல் பெறுமானால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும்: என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில். மறைத்தால் உங்கள் பங்கும் போகும், சிறைக்கும் வழி இருக்கிறது. “பானை ஓடுதானே, பத்து ரூபா பெறுமா?” என்று மாமா கேட்டார். ஓட்டோடு ஒரு செம்மணியோ செப்புக்காசோ வந்தால் பேச்சு வேறு. எழுதிக் கொடுத்துவிடுவதே நிம்மதி.

மனு ஒரே பக்கம் போதும். “புதையல்” என்று எழுதாதீர்கள். நான் எழுதினேன். எழுத்தர் படித்ததும் நிமிர்ந்து பார்த்து, “எத்தனை சவரன்?” என்றார். “பழங்கால ஈமத்தாழியின் உடைந்த பகுதிகள்” என்று எழுதுங்கள். மேலே பெறுநர் மாவட்ட ஆட்சியர். நகல் வட்டாட்சியர், மாநிலத் தொல்லியல் துறை, அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர். வேலூர்க்காரர்களுக்கு அருங்காட்சியகம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் எண் போட்ட ரசீது கிடைக்கும். அந்த எண் இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். மற்ற நாளில் கொடுத்த என் முதல் மனு ஒரு அலுவலகத்தில் மூன்று மாதம் எந்த மேசையில் கிடந்தது என்றே தெரியவில்லை. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, “என் மனுவின் மேல் எடுத்த நடவடிக்கையின் நகல்” என்று மட்டும் கேட்டேன். முப்பது நாளைக்குள் பதில் வரவேண்டும். இருபத்தாறாவது நாள் போன் வந்தது, மனு கிடைத்துவிட்டதாம்.

ஊரில் உங்களைத் தடுக்கப்போவது ஒரே பயம்தான்: “சொன்னா நிலத்த புடுங்கிப்பாங்கோ.” நேர்மையாகச் சொல்கிறேன். மத்திய அரசு ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தால் சுற்றி நூறு மீட்டருக்குக் கட்டடம் கட்டத் தடை, அதற்கு வெளியே இன்னும் இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்கவேண்டும். வேலூர்க் கோட்டையைச் சுற்றி இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அது அரசிதழில் அறிவிப்பு வந்து, ஆட்சேபணை கேட்டு, நீண்ட நடைமுறையாக வருவது. ஒரு தாழி வந்ததற்காக யார் நிலமும் போனதை நான் பார்த்ததில்லை. மாமாவின் குட்டை பத்தடி தள்ளி வெட்டப்பட்டு இப்போது தண்ணீரோடு இருக்கிறது.

நீங்களே தோண்டிப் பார்க்கலாமா என்றால், கூடாது. அகழாய்வுக்கு மாநிலத் துறையே மத்தியத் தொல்லியல் துறையின் ஒப்புதல் வாங்கித்தான் இறங்குகிறது.

4. ஊர்க்கதையை எழுதி வையுங்கள், ஆனால் தேதியாக எடுக்காதீர்கள்

மாமா நிலத்துக்கு மேற்கே கரட்டுமேட்டில் ஏழெட்டுக் கல்வட்டங்களும், பலகைக்கல் சாத்திய ஒரு கல்திட்டையும் இருக்கின்றன. ஊரில் அதற்கு ‘வாலியர் வீடு’ என்று பெயர். வாலியர் முழ உயரம்தானாம், அவ்வளவு பெரிய கல்லைத் தூக்குகிற பலமாம். ஒருநாள் நெருப்பு மழை பெய்யப்போகிறது என்று தெரிந்து இந்தக் கல்வீட்டுக்குள் ஒளிந்தார்களாம், அப்படியே அழிந்துபோனார்களாம். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது உண்மை.

கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. எங்கள் ஊரில் காலம் மூன்று அடுக்குதான். ‘எங்க தாத்தா காலம்’ ஒன்று. அதற்கு மேலே ‘நவாப் காலம்’. அதற்கும் மேலே நேராகப் பாண்டவர்கள், வாலியர்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. பல்லவர், சோழர், சம்புவராயர் எல்லோரும் அந்த இடைவெளியில் விழுந்து காணாமல் போகிறார்கள். ஆர்க்காடு பக்கம் விளாப்பாக்கம் அருகில் ‘பஞ்சபாண்டவமலை’ இருக்கிறதல்லவா? பெயர் பாண்டவர்களுடையது. ஆனால் அங்கே இருப்பது சமணத் துறவிகளின் குகைகள். நந்திவர்மப் பல்லவனின் ஐம்பதாம் ஆட்சியாண்டில், சமணப் பெண் தெய்வமான பொன்னியக்கியார் உருவத்தை நாரணன் என்பவர் செய்வித்த கல்வெட்டும் அங்கேயே இருக்கிறது. பெயரை நம்பியிருந்தால் மகாபாரத காலம். எழுத்தைப் படித்தால் எட்டாம் நூற்றாண்டு.

அதற்காகப் பாட்டியிடம் போய், “அதெல்லாம் கட்டுக்கதை” என்று சொல்லிவிடாதீர்கள். கதை வேறு விதத்தில் மிகவும் உபயோகம். ‘வாலியர் வீடு’, ‘பாண்டவர் குழி’, ‘குள்ளர் குகை’ என்று ஊர் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் இரும்புக்காலக் கல்லறைகள் இருக்கும். கதை எங்கே பார்க்கவேண்டும் என்று சொல்கிறது, எப்போது என்று சொல்வதில்லை. யார் சொன்னது, எந்த இடத்தைக் காட்டிச் சொன்னது என்று குறித்து மனுவோடு இணையுங்கள். வந்த அலுவலர் என் மனுவில் முதலில் படித்தது அந்தப் பக்கத்தைத்தான்.

வேடியப்பன் கோயிலாக நீங்கள் பொங்கல் வைக்கும் கல், இறந்த வீரனுக்காக நட்ட ஒரு நடுகல்லாக இருக்கலாம். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியைக் கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள்.

5. எந்தக் கடிகாரம்?

இதுதான் நான் ஏமாந்த இடம். பொறுமையாகப் படியுங்கள்.

வீடியோ பார்த்த ஒருவர் போனில் பேசினார். “கார்பன் டெஸ்ட்” எடுத்துத் தருவதாகச் சொல்லி ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். இரண்டு வாரத்தில் ஒரு பக்கப் பிடிஎஃப் வந்தது: “வயது 12,000 ஆண்டுகள்.” நான் கொடுத்தது கழுவிய பானை ஓடு. ஓட்டுக்குக் கார்பன் முறையில் வயது பார்க்க முடியாது என்று எனக்கு அப்போது தெரியாது.

கார்பன் முறை உயிரோடு இருந்ததற்கு மட்டும்தான்: கரி, விதை, உமி, எலும்பு. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பன்-14 உள்ளே வந்துகொண்டே இருக்கும். செத்த நாளில் வரவு நின்றுவிடும், பிறகு செலவு மட்டும்தான். 5,730 ஆண்டில் பாதியாகும், இன்னொரு 5,730 ஆண்டில் அதிலும் பாதி. ஏறக்குறைய ஐம்பதாயிரம் ஆண்டுக்குமேல் அளக்க மிச்சமே இருக்காது. எங்கள் கம்பெனிக் கணக்குமாதிரிதான், ஆரம்ப இருப்பும் மிச்சமும் தெரிந்தால் நாள் தெரியும்.

ஆக, கல்வட்டத்தின் கல்லுக்குக் கார்பன் வயது கிடையாது. கல்லுக்கு எப்படியும் கோடிக்கணக்கான வயதுதான், அதை நட்டது எப்போது என்பதுதான் கேள்வி. பானைக்கும் நேரடியாகக் கிடையாது. ஓட்டில் ஒட்டிய புகைக்கரியோ, களிமண்ணில் கலந்த உமியோ இருந்தால் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல்லை அளந்துதான் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். பாருங்கள், அளந்தது தாழியை இல்லை, நெல்லை.

மண்ணுக்கும் சுட்ட களிமண்ணுக்கும் வேறு கடிகாரம் இருக்கிறது. மணல்துகள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது, பானை கடைசியாக எப்போது சூளையில் வெந்தது என்று ஒளியை வைத்துச் சொல்லும் முறை. இதற்கு மாதிரி எடுக்கும்போது வெளிச்சமே படக்கூடாது, இரும்புக் குழாயை மண்ணில் அடித்து இருட்டிலேயே மூடவேண்டும். நாம் எடுக்கமுடியாத வேலை, விட்டுவிடுங்கள்.

கார்பன் தேதியிலும் பொறிகள் உண்டு.

நூறு வயது மரத்தின் நடுவயிரத்தை எரித்தால், கரி அந்தச் சடங்கைவிட நூறு வயது மூத்ததாகக் காட்டும். அதனால்தான் ஒரு வருஷப் பயிரான நெல்லும் தானியமும் கிடைத்தால் அவர்கள் அவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள்.

அறிக்கையில் ‘பிபி’ என்று வரும். இன்றைக்கு முன் என்று பொருள், ஆனால் அந்த ‘இன்று’ 1950. நான் 2024-ஐக் கழித்துக்கொண்டிருந்தேன். அதோடு அந்த எண் கச்சா எண். காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இல்லாததால், மரவளையங்களை வைத்துத் திருத்துகிறார்கள். திருத்தாத 3,000 பிபி என்றால் கி.மு. 1050 இல்லை, சுமார் கி.மு. 1250.

நம்ம பக்கத்துக்கு இன்னொரு சங்கடம். கி.மு. 800-க்கும் 400-க்கும் நடுவில் அந்தத் திருத்தக் கோடு தட்டையாகப் படுத்துவிடுகிறது. அந்த நானூறு வருஷத்துக்குள் எங்கே விழுந்தாலும் அறிக்கை ஒரே மாதிரி இருக்கும். தமிழ்நாட்டு இரும்புக்கால இடங்கள் பலவும் அங்கேதான் விழுகின்றன. ஒரே ஒரு தேதியை வைத்துக்கொண்டு வருஷத்தைத் துல்லியமாகச் சொல்பவரிடம் ஜாக்கிரதை.

சரி, நம்ம வட்டாரத்தில் என்னதான் எதிர்பார்க்கலாம்? திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது அடியில் புதிய கற்காலம், மேலே இரும்புக்காலம் என்று அடுக்கடுக்காகக் கிடைத்தது. பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்போடு வந்த தேதி கி.மு. 2172. வந்தவாசி பக்கம் கீழ்நமண்டியில் சுடுமண் ஈமப்பேழைக்குக் கிடைத்தது கி.மு. 1692. கறுப்பு-சிவப்புப் பானை அதற்குப் பின்னாலும் நூற்றாண்டுக் கணக்கில் புழங்கியது. அதனால் பானையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு “இரும்புக்காலம் அல்லது அதை ஒட்டி” என்று சொல்லலாம். அதற்குமேல் ஒரு எண் வேண்டுமென்றால் மண்ணடுக்கும் கரியும் வேண்டும்.

நீங்களாக ஆய்வகத்துக்கு அனுப்பாதீர்கள். வெளிநாட்டு ஆய்வகத்தில் ஒரு மாதிரிக்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். பணம் இருந்தாலும், நூறு வயதைத் தாண்டிய ஓடு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்புவது குற்றம். துறை வந்து முறையாக எடுத்தால் மட்டுமே அந்தத் தேதிக்கு மதிப்பு.

6. கல்லில் எழுத்து இருந்தால்

உங்களுக்கு அதிர்ஷ்டம், ஆய்வகமே வேண்டாம், கல்லே வருஷம் சொல்லும். ஆனால் மாவு பூசாதீர்கள், சுண்ணக்கட்டியால் எழுத்தைத் தடவாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது, அல்லது இருட்டியபின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எடுத்தால் எழுத்து எழும்பி நிற்கும்.

கல்லில் இருக்கும் ஆண்டை கி.பி. ஆண்டாக மாற்றச் சில சூத்திரங்கள்:

- சக ஆண்டு: 78 கூட்டுங்கள்.
- கலியாண்டு: 3101 கழியுங்கள்.
- திருவள்ளுவர் ஆண்டு: 31 கழியுங்கள்.
- பசலி: 590 கூட்டுங்கள். பசலி 1432 என்றால் 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை. இது கல்வெட்டுக்கு மட்டும் இல்லை, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலுக்கும் இதே கணக்குதான்.

பிரபவ, விபவ வருஷப் பெயர் மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்லமுடியாது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். விசுவாவசு 2025-ல் வந்தது, 1965-லும் வந்தது, 1905-லும் வந்தது. கூடவே சக எண் இருந்தால் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கலாம். ‘சகம் 1488, அட்சய’ என்று இருப்பதாக வையுங்கள். கூட்டினால் 1566. அட்சய 1986-87-ல் வந்தது. அதிலிருந்து ஏழு அறுபதைக் கழித்தால் 1566-67. ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாவிட்டால் யாரோ எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள், பெரும்பாலும் அது நாம்தான்.

தமிழ் எண்ணில் ௨௰௩ என்றால் இரண்டு-பத்து-மூன்று, அதாவது 23. இதை 2103 என்று படித்துவிட்டு எனக்கு ஒருவர் வாதாடினார்.

அரசனின் ‘யாண்டு’ (ஆட்சியாண்டு) மட்டும் இருந்தால் எந்த அரசன் என்று பார்க்கவேண்டும். பஞ்சபாண்டவமலைக் கல்வெட்டையே எடுங்கள். பல்லவர்களில் நந்திவர்மன் ஒருவர் மட்டும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் கொண்டவர்களில் ஐம்பது வருஷத்தைத் தாண்டி ஆண்டவர் பல்லவமல்லன் எனப்படும் இரண்டாம் நந்திவர்மன் ஒருவர்தான். அதனால் அது சுமார் கி.பி. 780. செங்கம், தண்டராம்பட்டுப் பக்கத்து நடுகற்களில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறை இருக்கும், இன்றைய தமிழ் எழுத்தை வைத்துப் படிக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். போட்டோவைத் துறைக்கு அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே படிக்கப்பட்ட கல்லா என்று பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கல்வெட்டுத் தொகுதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய மாவட்டம், பழைய வட்டப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

7. பெரிய எண்ணோடு வருபவரிடம் என்ன கேட்பது

வருவார்கள். எங்கள் வீட்டுக்கே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வேற்றுக்கிரகவாசி என்றார், அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினோம். ஒருவர் குமரிக்கண்டம் மூழ்கியபோது தப்பி வந்தவர்களின் கல்லறை என்றார். படித்தவர், நல்லவர், சிலப்பதிகாரத்தில் பஃறுளியாறு வரும் வரிகளை மனப்பாடமாகச் சொன்னார்.

அவரோடு நான் சண்டை போடவில்லை. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் நூற்றிருபது மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது உண்மை. நம் கரையோரத்தில் நிலம் மூழ்கியதும் உண்மை. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்குள் ஒரு கண்டமே கிடந்தது என்பதற்குக் கடலடித் தரையில் இடமே இல்லை. குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லும் லெமூரியா என்ற பெயரை 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்தது, மடகாஸ்கரின் லெமூர்களுக்கு உறவான விலங்குகள் இந்தியாவிலும் இருப்பது எப்படி என்று, நடுவில் ஒரு நிலப்பாலத்தைக் கற்பனை செய்து விளக்குவதற்கு. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்தப் பாலம் தேவைப்படவில்லை. முச்சங்கங்களுக்கு இறையனார் களவியல் உரை தரும் 4,440, 3,700, 1,850 ஆண்டுகளைக் கூட்டினால் 9,990. எங்கள் வீடியோக்காரருக்குப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

பாட்டி வாலியர் காலம் என்கிறார், இவர்கள் பத்தாயிரம் என்கிறார்கள். பாட்டியாவது எண் சொல்லவில்லை.

யார் எண் சொன்னாலும் இவற்றைக் கேளுங்கள். அளந்தது எதை, பொருளையா, பக்கத்துக் கரியையா, மண்ணையா? எத்தனை ஆழத்தில் எடுத்தது? எந்த ஆய்வகம், மாதிரி எண் என்ன? ஒவ்வொரு கார்பன் தேதிக்கும் ஆய்வக எண் உண்டு. எனக்கு வந்த பிடிஎஃப்பில் அது இல்லை. கூட்டல்-கழித்தல் பிழை எவ்வளவு? திருத்திய எண்ணா, கச்சா எண்ணா? கீழடியில் கி.மு. 580 என்று 2019-ல் சொன்னபோது, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். அப்படிச் சொல்லாதவரோடு பேச்சை வளர்க்காதீர்கள், மோர் கொடுங்கள்.

8. செலவும் நாளும்

எனக்கு ஆனது: போட்டோ பிரிண்ட், ஜெராக்ஸ் 640 ரூபாய். ஆம்பூர்–வேலூர்–ஒடுகத்தூர் பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து 2,300 சொச்சம். தார்ப்பாய் 850. அஞ்சல், ஸ்டாம்பு, தகவல் உரிமை மனு 210. ஏமாந்தது 9,500. விடுப்பில் போன ஆறு நாள் சம்பளத்தை இதில் சேர்க்கவில்லை. நீங்கள் சரியாகச் செய்தால் நாலாயிரத்துக்குள் முடியும். துறையோ அருங்காட்சியகமோ பார்வையிட வருவதற்கு உங்களிடம் காசு கேட்காது. கேட்பவர் துறையைச் சேர்ந்தவர் இல்லை.

நாள் கணக்கு: மனு கொடுத்ததிலிருந்து பார்வையிட ஆள் வர எனக்கு ஐந்து மாதம். முதல் மனு தொலையாமல் இருந்திருந்தால் இரண்டு. மழைக்காலத்தில் யாரும் வரமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிடைத்தால் மூடிவைத்துவிட்டு தையில் நினைவுபடுத்துங்கள். விலைமதிப்புள்ள பொருளாக இருந்து புதையல் சட்டப்படி விசாரணை நடந்தால், அறிவிப்பு வந்த நாளிலிருந்து நாலு முதல் ஆறு மாதத்துக்குள் விசாரணைத் தேதி வைக்கவேண்டும். அகழாய்வு நடக்குமா என்பது வேறு கேள்வி, வரிசையில் எத்தனையோ ஊர் நிற்கிறது.

ஓடுகளை ஒப்படைக்கும்போது எத்தனை துண்டு, என்ன நிறம், சர்வே எண் எல்லாம் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்ட ரசீது வாங்குங்கள். மாமா பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லி நான் அரைமணி நேரம் நின்றேன். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டவேண்டுமாம்.

எங்கள் ரசீதில் ‘காலம்’ என்ற கட்டத்தில் மட்டும் “இரும்புக்காலம்” என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தார்கள். ஏன் பென்சில் என்று கேட்டேன். “தோண்டினா மாறலாம் சார்” என்றார் அங்கே இருந்தவர். ஜெராக்ஸில் பென்சில் எழுத்து சரியாக விழாது. போனில் தனியாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.